தவறவிட்டவர்களுக்கு ஒரு சீட்டு

மற்ற ஊர்களில் ஜனங்களுக்குக் கோபம் வந்தால் கொடி பிடிப்பார்கள், கண்ணாடியை உடைப்பார்கள். தென்கொரியாவின் பாங்யோவில் லாரி அனுப்புவார்கள். முதுகில் பெரிய மின்பலகை மாட்டிய லாரி. விளையாடுகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு அதை வாடகைக்கு எடுத்து, தங்கள் வயிற்றெரிச்சலைப் பலகையில் ஓடவிட்டு, விளையாட்டுக் கம்பெனியைச் சுற்றிச் சுற்றி வரச் சொல்வார்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு விளையாட்டைப் பற்றி ஒரு எழவும் தெரியாது. அவர் பாட்டுக்கு ரேடியோ கேட்டுக்கொண்டு வட்டமடிப்பார்.

அந்த ஜனவரியில் ஒன்பது நாளாக ஒரு லாரி வட்டமடித்தது. ஏழாவது மாடி ஜன்னலில் நின்று மா யோன்சு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையில் சிவப்பு எழுத்து ஓடியது. 'நான் எல்லையில் காவல் நின்றேன். நீ என் கதையை விற்றாய்.'

"எழுதினவன் யாரோ, நல்லாத்தான் எழுதியிருக்கான் அக்கா. நம்ம டீமுக்கு எடுத்துக்கலாம்," என்றாள் நாரே. யோன்சுவின் கீழ் வேலை பார்க்கும் நான்கு பேரில் அவள்தான் இளையவள்.

"முதல்ல நம்ம டீம் இருக்கட்டும்," என்றாள் யோன்சு.

யோன்சுவுக்கு வயது நாற்பத்து மூன்று. 'வெண்கடல்' என்ற இணைய விளையாட்டுக்குக் கதை எழுதும் குழுவின் தலைவி. கதை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பதினெட்டு வருடமாக அவள் எழுதித் தள்ளியதெல்லாம் பத்து ஓநாய்த்தோல் கொண்டு வா, கிணற்றுப் பூதத்தைக் கொன்றுவிட்டு வா என்கிற வகையறாதான். அதையும் யாரும் படிப்பதில்லை. படிக்காமல் தாண்டிப் போக ஒரு பொத்தான் இருக்கிறது. விளையாட்டிலேயே அதிகம் அமுக்கப்படுவது அந்தப் பொத்தான்தான். இது அவளுக்கும் தெரியும். தெரிந்தே பதினெட்டு வருடம் எழுதினாள்.

போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் மட்டும் அவளுக்கு என்னவோ ஆனது. 'பனித்துறை' என்று ஒரு அத்தியாயம் எழுதினாள். உறைந்துபோன ஒரு துறைமுகம். அங்கே இல்வா என்று ஒரு சமையற்காரி. வர வேண்டிய படகு ஒன்றுக்காகத் தினமும் பதினோரு கிண்ணம் சூப் ஊற்றி வைக்கிறாள். விளையாடுகிறவன் அந்தக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகப் படகுத்துறைப் பாலத்தின் கோடி வரை எடுத்துப் போய் வைக்க வேண்டும். ஓடினால் சூப் சிந்திவிடும், திரும்பவும் முதலிலிருந்து. அதனால் நடக்க வேண்டும், மெதுவாக. கொல்வதற்கு ஒரு ஓநாய்கூடக் கிடையாது. முடித்தால் பரிசும் கிடையாது.

பரிசு இல்லை என்று நூறு பேர் திட்டினார்கள். ஆனால் மற்றவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் வேறு மாதிரி இருந்தன. தெகுவிலிருந்து ஒரு லாரி ஓட்டுநர், கிண்ணத்தோடு நடக்கும்போது அப்பா ஞாபகம் வந்து விளையாட்டை நிறுத்திவிட்டு ஊருக்குப் போன் பண்ணியதாக எழுதியிருந்தார். யோன்சு அதைக் கழிப்பறையில் உட்கார்ந்து படித்து அழுதாள். ஐந்து வாரம் கழித்து, வழக்கம்போல, சீசன் என்கிற பருவம் முடிந்தது என்று அத்தியாயத்தைப் பூட்டிவிட்டார்கள். அந்த ஐந்து வாரத்தில் உள்ளே வந்தவர்கள் பார்த்தார்கள். பட்டாளத்தில் இருந்தவன், பரீட்சைக்குப் படித்தவள், ஆஸ்பத்திரியில் கிடந்தவன் எல்லாரும் தவறவிட்டார்கள்.

பூட்டினாலும் உள்ளே பத்திரமாக இருக்கிறது என்றுதான் யோன்சு மனதைத் தேற்றிக்கொண்டாள். போன அக்டோபரில் அதற்கும் ஆபத்து வந்தது. மார்ச் மாதம் விளையாட்டை மொத்தமாகப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றப் போகிறார்கள், பழைய பருவங்களை அங்கே கொண்டுபோகப் போவதில்லை என்று பிரிவுத் தலைவர் குக் தேஹோ கூட்டத்தில் சொன்னார். பங்கு விலை ஆடிவிடும் என்பதால் வெளியில் மூச்சு விடக்கூடாது, எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார்.

"பனித்துறையையாவது கொண்டுபோகலாம் சார்," என்று யோன்சு அவர் அறைக்குப் போய்க் கெஞ்சினாள்.

"சம்பாதிக்காத எதையும் தூக்கிச் சுமக்க முடியாது யோன்சு. உங்க கதை சம்பாதிக்குமா? சொல்லுங்க, வெச்சுக்கறேன்."

இரண்டு நாள் தூக்கமில்லாமல் யோசித்து அவளேதான் அந்த யோசனையைச் சொன்னாள். தவறவிட்டவர்களுக்கு ஒரு சீட்டு விற்கலாம். ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரம் வோன் கொடுத்தால் பூட்டிய அத்தியாயத்துக்குள் போகலாம். குக் தேஹோ முகம் மலர்ந்துவிட்டது. நினைவுச் சீட்டு என்று பெயர் வைத்தார். வாங்கியவர்கள் பெயருக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு நீல முத்திரை குத்தலாம் என்று விற்பனைப் பிரிவு தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தது. ஆக, தன் கதைக்குத் தானே விலை ஒட்டியவள் யோன்சு. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தாலும் பிழைக்குமே என்று இருந்தாள்.

வந்தது லாரி.

*

சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நேருக்கு நேர் கூட்டம். லாரி வந்து பத்துப் பதினைந்து நாளுக்குள் கம்பெனி இறங்கி வந்து இப்படி ஒரு கூட்டம் போட வேண்டும், அது இந்த ஊர் வழக்கம். மேஜையின் ஒரு பக்கம் விளையாடுகிறவர்களின் பிரதிநிதிகள் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் யோன்சுவையும் சேர்த்துக் கம்பெனி ஆட்கள் மூன்று பேர், நடுவில் கேமரா. முப்பத்தோராயிரம் பேர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுதுவதெல்லாம் சுவரில் இருந்த பெரிய திரையில் ஓடியது. பிரதிநிதிகள் நூற்றிருபது பக்கத்துக்குப் புத்தகம் தைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பல்கலைக்கழகத்தில்கூட இவ்வளவு சிரத்தையாக எதையும் எழுதியிருக்க மாட்டார்கள்.

தலைமைப் பிரதிநிதி தோ கிஜுன், இருபத்து மூன்று வயது. கட்டாயப் பட்டாளச் சேவை முடித்து வந்து நாலு மாதம் ஆகிறது, முடி இப்போதுதான் நெற்றிக்கு இறங்கியிருந்தது. லாரியில் ஓடிய வாசகம் அவனுடையதுதான். முதல் இரண்டு மணி நேரம் அவன் குக் தேஹோவைப் பக்கம் பக்கமாக வறுத்தெடுத்தான். குக் தேஹோ எல்லாவற்றுக்கும் தலை குனிந்தார். அவருக்கு அது கைவந்த கலை.

நாலு மணிக்கு இடைவேளை விட்டார்கள். கோரிக்கைகளை எடுக்கப் போவது அதற்குப் பிறகு. முதல் கோரிக்கை, நினைவுச் சீட்டை அடியோடு ஒழிக்க வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் பனித்துறை செத்தது என்று யோன்சுவுக்குத் தெரியும். விற்பனை இல்லாவிட்டால் அதைச் சுமக்கக் காரணமும் இல்லை. கிஜுன் தாழ்வாரத்தில் பானம் விற்கும் இயந்திரத்தின் முன்னால் தனியாக நிற்பதைப் பார்த்ததும் கால்கள் தாமாக அங்கே போய்விட்டன.

"தம்பி, ஒரு நிமிஷம். அந்த முதல் கோரிக்கையைக் கேக்காதீங்க."

அவன் திரும்பி அவளை ஏற இறங்கப் பார்த்தான். "ஏன் மேடம், போனஸ் போயிடுமா?"

"விலையைக் குறைக்கச் சொல்லுங்க. ஆயிரம் வோன் ஆக்கச் சொல்லுங்க. முத்திரையை எடுக்கச் சொல்லுங்க. சீட்டே வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க."

"நானூத்திப் பன்னெண்டு பேர் காசு போட்டு லாரி விட்டிருக்கோம். ஆயிரம் வோனுக்குப் பேசி முடிச்சிட்டேன்னு போய்ச் சொன்னா என்னை உயிரோட விடுவாங்களா? வடகொரிய எல்லைக் காவல்ல பதினெட்டு மாசம் இருந்தேன் மேடம். அதுக்குள்ள இங்க என் கதை வந்து, முடிஞ்சு, பூட்டு விழுந்துடுச்சு. முகாம்ல ஒருத்தன் அதோட முடிவைச் சொல்ல வாயைத் திறந்தான். அவனோட ரெண்டு வாரம் பேசல நான். வீடியோ ஒண்ணுகூடப் பாக்கல. நானே நடந்து போய்ப் பாக்கணும்னு வெச்சிருந்தேன். வந்து பாத்தா காசு கேக்கறீங்க. நாடு கூப்பிட்டுப் போனவன்கிட்ட."

நானே நடந்து போய் என்று அவன் சொன்னானே, இதற்காகத்தானே அதை எழுதினாள்.

"அதை எழுதினது நான்தான்," என்றாள்.

அவன் கையிலிருந்த டப்பாவைத் திறக்கவில்லை. "பனித்துறையா? நீங்களா?"

"நான்தான். சீட்டு விக்கச் சொன்னதும் நான்தான். வித்தாத்தான் அது இருக்கும். இல்லன்னா அழிச்சுடுவாங்க."

"யார் சொன்னா? எழுத்துல இருக்கா?"

"இருக்கு. காட்ட முடியாது. கையெழுத்துப் போட்டிருக்கேன்."

கிஜுன் கெட்ட பையன் இல்லை. ஆனால் கம்பெனிக்காரர்கள் இடைவேளையில் வந்து கண்ணைக் கசக்குவார்கள், ஏமாந்துவிடாதே என்று அவனுக்கு நானூறு பேர் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"இதையே உள்ள கேமரா முன்னாடி சொல்லுங்க. சொன்னீங்கன்னா நான் கோரிக்கையை மாத்தறேன். சத்தியமா," என்றான்.

*

இடைவேளை முடிந்து உட்கார்ந்தபோது நாரே சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். யோன்சு அவளைப் பார்த்தாள். அவளுக்கு வாடகை வீடு, படிப்புக் கடன், போன மாதம்தான் வேலை நிரந்தரமானது. வாயைத் திறந்தால் தன் வேலை மட்டும் போகாது, குழுவையே கலைத்துவிடுவார்கள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று யோன்சுவுக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த அத்தியாயத்தை விட மனம் வரவில்லை. வாழ்க்கையில் உருப்படியாகச் செய்தது அந்த ஒன்றுதான். அதுவும் போனால் தன்னிடம் மிஞ்சுவது ஓநாய்த்தோல் மட்டும்தான்.

"முதல் கோரிக்கைக்கு முன்னால, கதைக் குழுத் தலைவி ஏதாவது சொல்லணும்னா சொல்லலாம்," என்றான் கிஜுன், அவளை நேராகப் பார்த்து.

குக் தேஹோவின் கழுத்து மெல்லத் திரும்பியது. யோன்சு ஒலிவாங்கியைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

"சீட்டு விக்கறதை நிறுத்தினா பனித்துறை அழிஞ்சுடும். தயவுசெஞ்சு நிறுத்தச் சொல்லாதீங்க. அது இருக்கறதுக்கு வேற வழி இல்லாமத்தான் சீட்டு யோசனையையே நான் கொடுத்தேன். நான் எவ்வளவோ கேட்டுப் பாத்துட்டேன்."

திரையில் மடை திறந்தது.

'மிரட்டுகிறார்கள்.' 'காசு கொடு, இல்லையென்றால் குழந்தையைக் கொல்வேன் என்கிறாள்.' 'இந்த அம்மாதான் சீட்டு யோசனையே கொடுத்தவராம்.' 'நடிப்பைப் பார்.' 'அழித்துக்கொள்.' 'அழித்துக்கொள்.' 'அழித்துக்கொள்.'

முப்பத்தோராயிரம் பேரில் பாதிப் பேர் ஒரே வார்த்தையை எழுதினார்கள். திரை முழுக்க அதுதான் ஓடியது. யோன்சு அதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவள் சொன்னது உண்மை, அவர்களின் கோபமும் உண்மை, இரண்டும் சேர்ந்து தன் பிள்ளையைத் தூக்கில் போடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. கிஜுனும் திரையைப் பார்த்தான். காது சிவந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மற்றொரு பிரதிநிதி அவன் முழங்கையை இடித்து, "கேளுடா," என்றான்.

"முதல் கோரிக்கை," என்றான் கிஜுன். குரல் இறங்கிப் போயிருந்தது. "நினைவுச் சீட்டு விற்பனையை முழுசா வாபஸ் வாங்கணும்."

குக் தேஹோ எழுந்து நின்றார். இடுப்பு வரை குனிந்தார். உங்கள் மனதைப் புண்படுத்தியதற்கு வருந்துகிறோம், வியாழக்கிழமை காலை பத்து மணியோடு விற்பனை நிறுத்தப்படும், வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்றார். சிலருக்கு மட்டும் கிடைத்து மற்றவர்களுக்குக் கிடைக்காத அத்தியாயம் எதுவும் இனி விளையாட்டில் இருக்காது, அதுதான் நியாயம் என்றும் சொன்னார். திரையில் கைதட்டல் படங்கள் மழையாகக் கொட்டின. சுமையும் இறங்கியது, நல்ல பேரும் கிடைத்தது. சொல்லி வைத்தாற்போல எல்லாம் நடந்தது.

வெளியே வரும்போது, "வாயைத் திறந்தது தப்புதான் யோன்சு," என்றார் குக் தேஹோ. "ஆனா உங்களால நல்லதுதான் ஆச்சு. அதனால விட்டுடறேன்." அவள் வேலை போகவில்லை. நாரேயின் வேலையும் போகவில்லை. அதற்குச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது, முடியவில்லை.

*

புதன்கிழமை மத்தியானம் யோன்சு கிஜுனுக்குச் செய்தி அனுப்பினாள். நாளைக் காலை பத்து மணி வரை சீட்டு கிடைக்கும், பதினைந்து நிமிடம் போதும், ஒருமுறை போய்ப் பார்த்துவிடுங்கள், காசு நான் தருகிறேன் என்று எழுதினாள். அவன் படித்துவிட்டான் என்று திரை காட்டியது. பதில் வரவில்லை.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்தாள். பனித்துறைக்குள் யார் யார் போகிறார்கள் என்று அவள் கணினியில் பார்க்க முடியும். அந்த ஒரு மணி நேரத்தில் ஆறு பேர் போனார்கள். ஒவ்வொரு பெயரையும் உற்றுப் பார்த்தாள். அவன் பெயர் இல்லை. ஒன்பது ஐம்பத்தேழுக்கு ஒருவர் ஏழாவது கிண்ணத்தோடு நடந்துகொண்டிருந்தார். ஓடுங்கள், ஓடுங்கள் என்று யோன்சு வாய்விட்டுச் சொன்னாள். ஓடினால் சிந்தும்படி எழுதியவளும் அவள்தான். பத்து மணிக்கு அவர் ஒன்பதாவது கிண்ணத்தோடு பாலத்தின் நடுவில் இருந்தார். பராமரிப்புப் பணி என்று அறிவிப்பு வந்து திரை வெள்ளையானது.

"அக்கா, எந்திரிங்க. கீழ போலாம்," என்றாள் நாரே. "காபி வண்டி வந்திருக்கு."

கோபம் வந்தால் லாரி அனுப்புகிறவர்கள், மனம் குளிர்ந்தால் காபி வண்டி அனுப்புவார்கள். அதுவும் இந்த ஊர் வழக்கம்தான். வாசலில் பூ வைத்து அலங்கரித்த ஒரு வண்டி நின்றது. 'காது கொடுத்துக் கேட்டதற்கு நன்றி' என்று பெரிதாகப் பதாகை கட்டியிருந்தார்கள். கம்பெனியே வரிசையில் நின்றது. மைனஸ் ஆறு குளிரிலும் பாதிப் பேர் ஐஸ் காபி வாங்கிக்கொண்டிருந்தார்கள். வண்டிக்குப் பக்கத்தில் பிரதிநிதி என்ற முறையில் நின்று எல்லாருக்கும் குனிந்து நன்றி சொல்லிக்கொண்டிருந்தான் கிஜுன்.

யோன்சுவைக் கண்டதும் வரிசையை விட்டு வந்தான். ஒரு சூடான காபியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"காலைல ஒன்பதரை வரைக்கும் வாங்கற பொத்தான் மேலயே விரலை வெச்சிட்டு உக்காந்திருந்தேன் மேடம். வாங்கினா முத்திரை விழும். நானூறு பேரும் பாப்பாங்க. லாரி விட்டவனே வாங்கிட்டான்னு சொல்லுவாங்க. முடியல."

"சரி," என்றாள் யோன்சு.

"வீடியோல பாக்க எனக்குப் பிடிக்கல. எழுதினது நீங்க. நீங்களே சொல்லுங்களேன். அந்தப் படகு வந்துதா?"

அவளுக்கு உடம்பெல்லாம் பரபரப்பானது. இவன் ஒருவனிடமாவது போய்ச் சேரட்டும் என்று நினைத்தாள். காபியைக் கல்மேடையில் வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். பனி எப்படி விழும், இல்வா எப்படிப் பேசுவாள், முதல் கிண்ணத்துக்காரனுக்கு வெங்காயம் ஆகாது, நாலாவது ஆளுக்கு மிளகு தூக்கலாக வேண்டும், ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் முன்னால் வைத்த கிண்ணத்தின் மேல் ஐஸ் ஏடு கட்டியிருக்கும் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். குளிரில் உதடு வளையவில்லை. வார்த்தைகள் அவசர அவசரமாக வந்தன. மூன்று நிமிடத்தில் பத்து கிண்ணம் தீர்ந்துபோனது.

"படகு வராது. அதுல பத்துப் பேர்தான். பதினோராவது கிண்ணம் உங்களுக்கு. உக்காரு, ஆறிப்போகுதுன்னு இல்வா சொல்லுவா. நீங்க உக்காந்து சாப்பிடுவீங்க."

கிஜுன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் நிறுத்திய பிறகும் நின்றான்.

"இவ்வளவுதானா மேடம்?" என்றான்.

கேலி இல்லை. இன்னும் இருக்கிறது என்று நிஜமாகவே காத்திருந்தான். யோன்சுவுக்கு நெஞ்சு காலியாகிவிட்டது. சொன்னால் இவ்வளவுதான். பத்து முறை நடந்து கை சலித்த பிறகு உட்காரச் சொன்னால்தான் அது கதை. அந்த நடையை வாயால் கொடுக்க அவளால் முடியாது, யாராலும் முடியாது.

"இவ்வளவுதான்," என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். பிறகு நேராக நின்று, கை இரண்டையும் பக்கத்தில் வைத்து, நன்றாகக் குனிந்தான்.

"நல்லா இருந்துது மேடம்," என்றான். மரியாதைக்குச் சொன்னான்.